மனிஷாவும் மிளகாய் பஜ்ஜியும்

பாப்பம்மாள் மிளகாய் பஜ்ஜி போட்டால் சாமுண்டி மலை நந்தியே எழுந்து வந்து வாசலில் நிற்கும். கௌதள்ளியிலிருந்து மைசூருக்குக் குடிவந்த நாள் முதல் அவளுக்கு ஒரே ஆசை: தசரா பொருட்காட்சியில் சொந்தமாக ஒரு கடை. இந்த வருஷம் அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கடைகளை உள்வாடகைக்கு விடும் காண்ட்ராக்டர் மகேந்திரன் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்குந்தான் அக்கா. அட்வான்ஸ் வரலேன்னா கடை கௌரம்மாவுக்கு. கோபி மஞ்சூரி போடறேன்னு தினமும் போன் பண்றாங்க."

கௌரம்மா அடுத்த வீட்டுக்காரி.

அட்வான்ஸ் அனுப்ப வேண்டியவன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் மகன் உதயகுமார். அவன் எப்போதும்போல அனுப்பியிருந்தால் கதையே இல்லை. ஆனால் அப்பா ரத்தினவேல் டயர் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் போன், முன்னால் முழுப் பகலும். ரிசர்வ் பேங்க் கவர்னரே சந்தேகம் கேட்டு வரிசையில் நிற்குமளவுக்கு வீடியோ பார்த்திருந்தார்.

"நாடு விட்டு நாடு பணம் அனுப்பறதுக்குன்னே ஒரு காயின் இருக்குது புள்ள. அங்க திர்ஹம் காயினா மாறும். இங்க காயின் ரூபாயா மாறும். நடுவுல நாலே செகண்டு. கமிஷன் ஒரு டீக்காசு கூட ஆகாது."

"அந்தக் காயினைக் கையில புடிக்க முடியுமுங்களா?"

"முடியாது."

"அப்ப அது காத்துதானுங்க."

காயினை வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில் அவர் கணக்குத் திறந்தார். கம்பெனி ஒரு விலாசம் கொடுத்தது. அனுமார் வால்போல நீண்ட எழுத்துக்கள். அதன் கீழே 'டேக்' என்று ஒரு எண். 'இரண்டையும் சேர்த்து அனுப்பவும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

ரத்தினவேல் விலாசத்தை மட்டும் மகனுக்கு அனுப்பினார்.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் குடியிருப்பது ஒரே வாசலுக்குள் பதினான்கு குடித்தனங்கள் இருக்கும் வளவு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கதவு எண். 'ரத்தினவேல், மைசூர்' என்று எழுதிப் போட்டாலே தபால்காரர் மோப்பம் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். வாசலில் பார்சல் வந்தால் பதினான்கு வீடும் குரல் கொடுக்கும்.

"டேக் நம்பர் இல்லையாப்பா? இங்க கேக்குது."

"அது பின்கோடு மாதிரிடா. நமக்கென்ன, பின்கோடு இல்லாம லெட்டர் வந்ததில்லையா? அனுப்புடா!"

வெள்ளிக்கிழமை காலை அனுப்பினான். உலகத்தின் எல்லாக் காயின் நடமாட்டத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. அதில் உதயகுமாரின் காயின் மூக்கும் முழியுமாக வந்து சேர்ந்திருந்தது. ரத்தினவேல் கணக்கிலோ பூஜ்யம்.

"வந்துருச்சேப்பா! உலகத்துக்கே தெரியுது!"

"உலகத்துக்குத் தெரியுது, என் கணக்குக்குத் தெரியலையேடா!"

சற்று நேரம் கழித்து உதயகுமார் மறுபடி கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. "அப்பா, அந்த விலாசம் உங்களுது இல்ல. கம்பெனியோடது. லட்சம் பேருக்கு அந்த ஒரே விலாசந்தான். யாருக்குன்னு சொல்றது அந்த நம்பர்தாம்ப்பா."

லட்சம் குடித்தனம் உள்ள வளவு. வாசலில் பார்சல். குரல் கொடுக்க ஒருத்தரும் இல்லை.

"சரி, திருப்பி வாங்கிக்கடா."

"முடியாதுப்பா. போனா போனதுதான். கம்பெனியே மனசு வெச்சாத்தான் உண்டு."

கம்பெனிக்குக் கதவு இல்லை, போன் இல்லை. மனிஷா என்றொரு பெயர் மட்டும் திரையில் வந்து வணக்கம் சொன்னது. "அம்மா மனிஷா, நான் டயர் ஃபேக்டரி ரத்தினவேல்" என்று தொடங்கி ஒரு ராமாயணமே எழுதினார். கண் இமைப்பதற்குள் பதில். 'உங்கள் டேக் எண்ணைத் தெரிவிக்கவும்.' தெரிவித்தார். 'இந்த எண்ணுக்கு எந்தத் தொகையும் வரவில்லை. இந்தப் பதில் உதவியாக இருந்ததா?'

"ஏனுங்க, யாரு அந்த மனிஷா? காலையில புடிச்சு அவகிட்டயே கெஞ்சிட்டிருக்கறீங்க?"

"மெஷினு புள்ள."

"மெஷினுக்கா 'அம்மா தாயே'ன்னு எழுதறீங்க?"

ஐந்து மணி அடித்தபோது மனிஷா கடைசியாகச் சொன்னாள்: 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது. தொகை கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது.' மகேந்திரன் வாசலைத் தாண்டித் தலையைச் சொறிந்துகொண்டே கௌரம்மா வீட்டுக்குள் போனான். பாப்பம்மாள் ஊறவைத்த கடாயைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்தச் சத்தம் ஷார்ஜா வரை கேட்டிருக்கும் என்று ரத்தினவேலுக்குத் தோன்றியது.

ராத்திரி கௌரம்மாவே வந்தாள். "பேஜார் மாட்கோபேடி அக்கா, வருத்தப்படாதீங்க. கோபி நான் போடறேன், பஜ்ஜி நீங்க போடுங்க. தினக்கூலி தர்றேன்."

தசராவும் வந்தது. கடையின் முன்னால் மைசூரில் பாதி நின்றது, மீதிப் பாதி வந்துகொண்டிருந்தது. எல்லாம் பாப்பம்மாளின் பஜ்ஜிக்குத்தான். பலகையில் இருந்ததென்னவோ கௌரம்மாவின் பெயர். தட்டு எடுத்துக் கொடுப்பது ரத்தினவேலின் வேலை. டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார், சந்து கிடைத்தால் போனைப் பார்ப்பார். 'பரிசீலனையில் உள்ளது.' காயினும் அந்த இணையப் பக்கத்தில் பளிச்சென்று கிடந்தது, வைத்த இடத்தில் வைத்தபடி.

கண்ணாடி போட்ட ஒருத்தர் முண்டியடித்து முன்னால் வந்தார். "அந்தத் தட்டு என்னுது சார். காசு குடுத்துட்டேன், டோக்கன் கீழ விழுந்துருச்சு."

"நம்பர் இல்லாம குடுக்க முடியாதுங்க."

"கண்ணு முன்னாடி ஆறிட்டிருக்கு! தினம் வர்றேனே, என்னைத் தெரியலையா?"

"தெரியுதுங்க. ஆனா நம்பர்..."

ரத்தினவேல் தட்டைப் பார்த்தார், மனிதரைப் பார்த்தார். கை எழவில்லை.

எண்ணெய்ப் புகைக்குள்ளிருந்து பாப்பம்மாளின் குரல் வந்தது.

"ஏனுங்க மனிஷா! அந்தத் தட்டை எடுத்து அவருக்குக் குடுங்க. வேற யாராச்சும் கேட்டு வந்தா நான் போட்டுத் தர்றேன்."