மூவாயிரம் பேரின் நாடு

அமெரிக்காவின் கேட்டி நகரில் எட்டாம் வகுப்பு படிக்கும் வெண்பா, வரலாற்றுப் போட்டிக்கு நவூருவை எடுத்துக்கொண்டேன் என்றதும் அவள் அப்பா மதனுக்குச் சோறு இறங்கவில்லை.

“அது எங்க இருக்கு?”

“பசிபிக்லப்பா, குட்டி ஐலண்ட். ஆஸ்திரேலியா ரூல் பண்ணுச்சு. நைன்டீன் சிக்ஸ்டி எய்ட்ல இன்டிபென்டன்ட் ஆச்சு.”

“ஜனம் எவ்ளோ?”

“அப்போ நவூரு ஆளுங்க மூவாயிரம் பேர் இருந்தாங்க.”

“இங்க ஒரு ஹைஸ்கூல்லயே அவ்ளோ பேர் இருக்காங்கம்மா! இந்தியாவ எடு. ஜட்ஜுக்குத் தெரிஞ்ச கதை.”

“தெரிஞ்ச கதைய நான் எதுக்குச் சொல்லணும்?”

ஆதாரம் கிடைப்பது கஷ்டம் என்று டீச்சரும் சொன்னார். அதைக் கேட்டபின் அவள் பிடிவாதம் இன்னும் இறுகியது. நூலகம் வழியாக வேறு ஊர்களிலிருந்து புத்தகங்களை வரவழைத்தாள். ஐ.நா. சபையின் பழைய கூட்டக் குறிப்புகளை வாரக்கணக்கில் படித்தாள்.

படித்ததைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அந்தத் தீவின் பாஸ்பேட் மண்ணை வெட்டி, வேறு நாட்டு வயல்களுக்கு உரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போரின்போது ஜப்பானியர்கள் ஆயிரத்து இருநூறு பேரைத் தொலைதூரத் தீவு ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தவர்கள் 737 பேர்தான். பிறகு, மண் தீரப்போகிறது, எங்கள் கரையோரத் தீவு ஒன்றில் குடியேறுங்கள், குடியுரிமை தருகிறோம் என்றது ஆஸ்திரேலியா.

“போய்ப் பாத்தாங்கப்பா. பாத்துட்டு, வேணாம், நாங்க நாங்களா இருக்க முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் தனி நாடே வாங்கிட்டாங்க. அதே ஜனவரி தர்ட்டி ஃபர்ஸ்ட்ல!”

அவள் கையில் சோறு காய்ந்துபோயிருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் மதன் அவளுடைய காட்சிப் பலகையைப் பார்த்தார். விடுதலைக்குப் பிறகு அந்த நாடு பாஸ்பேட்டால் வந்த செல்வத்தைத் தவறாகச் செலவழித்து நொடித்துப்போனதையும் ஒரு மூலையில் ஒட்டியிருந்தாள்.

“இத எடுத்துடு. நம்ம வீக் பாயின்ட்ட நாமளே ஏன் காட்டணும்?”

“நடந்ததுப்பா அது. எடுக்க மாட்டேன்.”

மறுநாள் மூன்று நடுவர்களில் நரைத்த தலை அம்மாள் ஒருவர் நேராக அந்த மூலைக்குத்தான் போனார். நிதானமாகப் படித்துவிட்டு, “அன்றைக்கே குடிபெயர்ந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார்களே. செய்தது தவறுதானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வெண்பா பலகையிலிருந்த 737 என்ற எண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

“அத்தனை பேரைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் மேடம், அந்த மண்ணுக்காக. பிறகு தப்பும் செய்தார்கள். பெரிய நாடுகளும் தப்பு செய்கின்றன. நாட்டைக் கலைத்துவிட்டு வேறு இடத்துக்குப் போங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லையே?”

அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

முதல் இரண்டு இடங்களுக்குத்தான் மாநிலப் போட்டி. வெண்பாவுக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். பார்க்கிங் வரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கார் அருகே, தன் பிள்ளையோடு போட்டிக்கு வந்திருந்த அப்பாவின் ஆபீஸ் நண்பர் பத்மநாபன் அங்கிள் எதிர்ப்பட்டார்.

“தர்டா? பரவால்லம்மா. என்ன டாபிக்?”

அவள் வாய் திறப்பதற்குள் மதன் தொடங்கிவிட்டார். “நவூரு சார். ஆயிரத்து எரநூறு பேரப் புடிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வந்தது எழுநூறு பேர்…”

“எழுநூத்தி முப்பத்தேழு,” என்றாள் வெண்பா.

“ஆமா, முப்பத்தேழு,” என்று திருத்திக்கொண்ட மதன், பத்மநாபனை நகரவிடாமல் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.