இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும்

ஆரணியில் ஒருவன் ஆற்றில் முழுகிச் சாக முடிவெடுத்தால் முதலில் மழைக்குக் காத்திருக்க வேண்டும். எழுபத்தொன்பதாம் வருஷமும் ஆற்றில் மணல்தான் ஓடியது. அப்பேர்ப்பட்ட ஊரில், சடையப்பனின் வாட்ச் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள், கடலுக்கடியில் இருநூறு மீட்டர் இறங்குகிறவன் கட்டுகிற கடிகாரம் ஒன்று மூன்று வருஷமாகக் கிடந்தது. யாரோ கப்பல்காரன் கட்டிக் கழற்றிய சிங்கப்பூர் மால்.

ஜெயச்சந்திரன் வாரத்துக்கு ஒருமுறை போய் அதைத் தரிசித்துவிட்டு வருவான். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் பிரின்சிபாலிலிருந்து கேண்டீன் சட்னி வரை கிழித்துத் தொங்கவிட்டவன். அந்தக் கடிகாரத்தை மட்டும் கிண்டல் செய்ததில்லை. எதிர்வீட்டுத் தேவகியையும்.

ஒருநாள் தேவகி அரக்குப் பட்டு இழையை அவன் மணிக்கட்டில் சுற்றி அளவெடுத்து முடிச்சுப் போட்டாள். "அந்த வாட்சை நானே வாங்கித் தரேன், பாரு."

"ஒண்ணுதானா? மூணு முடிச்சாப் போடேன்."

"அது நீ போடணும், மக்கு." சொன்னாளே தவிர, மேலும் இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் இழையை எடுத்துப்போனாள்.

அவன் போடவில்லை. படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று இருந்தான். அதற்குள் களம்பூரிலிருந்து ரைஸ்மில் மாப்பிள்ளை வந்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு தேவகியின் அப்பா மணவாளன் அவனைக் கூப்பிட்டார். "தம்பி, மாப்ளைக்கு வாட்ச் எடுக்கணும். நீதான் இங்கிலீஷ் படிக்கிறவன். கூட வா."

சடையப்பன் மூன்றை எடுத்து வைத்தார். மணவாளனின் கை தங்கமுலாம் பூசியதன் மேல் போனது. ஜெயச்சந்திரன் கப்பல்காரன் கடிகாரத்தைக் காட்டினான். தினம் தேவகியின் கண்ணில் படப்போகும் கடிகாரமாவது தான் ஆசைப்பட்டதாக இருக்கட்டும் என்று நினைத்தான்.

"இன்னாப்பா இது, வளையம் சுத்துது?"

"தண்ணில எறங்கும்போது திருப்பி வெச்சிக்கணும் மாமா. மூச்சு இன்னும் எத்தினி நிமிசத்துக்கு வரும்னு தெரியும்."

"மில்லு வெச்சிகீறவருக்கு ஏம்பா மூச்சு முட்டப்போவுது?" என்று சிரித்தாலும் மணவாளன் சம்மதித்தார். மடியிலிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "நிச்சயத்தன்னிக்கு மாப்ள கையி அளவு எடுத்தாந்தோம். தேவகிதான் பத்திரமா வெச்சிகினு இருந்தா. காலைல எடுத்துக் குட்த்தா."

பொட்டலத்தில் அரக்குப் பட்டு இழை. மூன்று முடிச்சு.

பட்டுத் தறி ஓடி, தெருவெல்லாம் இழை கிடக்கிற ஊரில் இழையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? மணவாளன் பார்க்கவில்லை. ஜெயச்சந்திரன் பார்த்தான். தேவகி என்ன கேட்டு அனுப்பியிருக்கிறாள் என்பது முடிச்சுக்கு முடிச்சு விளங்கியது. 'மாமா, இது என் கை அளவு' என்று சொன்னால் போதும். ஊரையே நக்கலடித்த வாய் அது.

சடையப்பன் இழையைச் செயினோடு வைத்துப் பார்த்தார். "கை சின்னதா கீதே. சரியான அளவுதானா?"

"சரியாத்தான் கீது," என்றான் ஜெயச்சந்திரன்.

சடையப்பன் நான்கு கண்ணிகளைக் கழற்றித் தீப்பெட்டியில் போட்டு நீட்டினார். மணவாளன் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். தீப்பெட்டியை ஜெயச்சந்திரன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கல்யாணத்தன்று காலை, முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளை கையில் மைத்துனன் கடிகாரம் மாட்ட வேண்டும். தேவகிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மணவாளன் சுற்றிப் பார்த்தார். "ஜெயச்சந்திரா, வாட்ச் நீ பார்த்து எடுத்ததுதானே? மச்சான் மொறைக்கு நீயே மாட்டி வுடு. ஜல்தி."

மாட்டிப் பார்த்தான். கொக்கி எட்டவில்லை, இரண்டு விரல் இடைவெளி. மாப்பிள்ளையின் கை நெல்மூட்டை பிடித்த கை.

"இன்னாடா இது, பொம்பளை வாட்சா?" என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும், "பரவால்ல மச்சான், அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். நல்ல மனுஷன். அதுதான் தாங்க முடியவில்லை.

அலங்காரத்தோடு, கைக்கெட்டும் தூரத்தில் வாசற்படியில் நின்ற தேவகி ஜெயச்சந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாய் திறக்க இன்னும் நேரம் இருந்தது. நாதஸ்வரக்காரர் அப்போதுதான் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயச்சந்திரன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான்.

தேவகி தீப்பெட்டியைப் பார்த்தாள். அவன் திறந்து நான்கு கண்ணிகளை உள்ளங்கையில் கொட்டியதையும் பார்த்தாள்.

"கையோட கொண்டாந்துகீறியா?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

அவன் செயினின் ஆணியைத் தள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். தேவகி பின்னலிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நீட்டினாள். அவன் அதை வாங்கி, ஒவ்வொரு கண்ணியாகச் சேர்த்து மாட்டினான். கொக்கி 'டக்'கென்று விழுந்தது.

"இப்ப கச்சிதமா கீது மச்சான்," என்று மாப்பிள்ளை கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

ஜெயச்சந்திரன் கொண்டை ஊசியைத் திருப்பிக் கொடுக்க நிமிர்ந்தான். வாசற்படியில் யாரும் இல்லை.