பூட்டிய வீட்டுக் கொடியில் துணி

அம்மா இறந்த பிறகு அவளுடைய வீடு என் பேருக்கு வந்தது. வீடு அங்கே, நான் இங்கே. நடுவில் இரண்டு விமானமும் ஒரு பஸ்ஸும். இங்கே ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். ஊரார் படுத்து எழுந்த விரிப்புகளை வெளுத்து, சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் அப்பளம் போல வாங்கி மடிப்பது எங்கள் பிழைப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.

வீட்டை வாடகைக்கு விடுவதா, பூட்டியே வைப்பதா? ஒரு வருஷமாக இதே கேள்விதான். பூட்டி வைத்தால் வீடு கெட்டுப்போகும். சமையலறைக் கதவை ஏற்கெனவே கரையான் ருசி பார்த்துவிட்டது. வாடகைக்கு விட்டால் அம்மா படுத்த அறையில் யாரோ ஒருத்தி காலை நீட்டிப் படுப்பாள். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டவர்களிடமெல்லாம், "சுவர் பூரா ஆணி அடிச்சு நாசம் பண்ணிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆணி ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சொன்னவங்க, வீட்டைப் பூட்டிப் பார்னு சொல்லாம விட்டுட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன, வாய் இருக்கிறது, பேசுகிறார்.

சாவி என் சித்தி மகனிடம் இருந்தது. எலக்ட்ரீஷியன். பெயர் என்னவோ இருக்கிறது, நாங்கள் கூப்பிடுவது மின்னல் என்றுதான். தொழிலை வைத்து வந்த பெயர் இல்லை. சின்ன வயதில் காலையில் கடைக்கு அனுப்பினால் சாயங்காலம் திரும்பி வருவான், அதற்காக அம்மா வைத்த பெயர். பாதி நாள் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

அடுத்த தெருவில் பூட்டியிருந்த ஒரு வீட்டில் திருடன் புகுந்து, குழாய்களைக்கூட விடாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று அவன் ஒருநாள் போனில் சொன்னான். எனக்குத் தூக்கம் போயிற்று.

"ஆள் இருக்கற மாதிரி காட்டணும்டா" என்றேன்.

அதை அவன் சுத்தமாகச் செய்தான். இருட்டும் நேரத்துக்குக் கூடத்தில் விளக்குத் தானாக எரியும். கொஞ்ச நேரம் ரேடியோ பாடும். பிறகு கூடம் அணைந்து படுக்கையறை எரியும். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் தொழில்புத்தி சும்மா இருக்குமா?

"வீட்டுல ஆள் இருக்கான்னு கொடியைப் பாத்தாலே தெரிஞ்சிடும்டா. அம்மா பீரோவுல இருந்து நாலு துணி எடுத்துக் காயப்போடு."

"அதெல்லாம் துவைச்ச துணிதானே அக்கா?"

"திரும்ப நனை. ரொம்பப் பிழியாத, சொட்டணும்."

"திருடன் வந்து தொட்டா பாப்பான்?"

"நான் திருடனா இருந்தா பாப்பேன்."

"நல்லவேளை, நீ ஓட்டல் வேலைக்குப் போயிட்ட" என்றான்.

முணுமுணுத்துக்கொண்டே செய்தான். படம் எடுத்து அனுப்புவான். நான் உருளை இயந்திரத்துப் பக்கத்தில் நின்றபடியே பார்த்துத் திட்டுவேன். தலையணை உறையை வாய் மேலே இருக்கும்படி யாராவது காயப்போடுவார்களா, தண்ணீர் தேங்காதா? ஒரே நைட்டியை நாள் தவறாமல் போட்டால் திருடன் என்ன குருடனா? அம்மா துணியை உதறி, ஓரத்தை இழுத்துவிட்டு, கிளிப் போடுவாள். அதே மாதிரி போடச் சொன்னேன். அவளுடைய செருப்பையும் வாசலில் வைக்கச் சொன்னேன். இடது செருப்பு கொஞ்சம் விலகிக் கிடக்க வேண்டும், அவள் அப்படித்தான் கழற்றுவாள்.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனசு குளிர்ந்துபோகும். இப்போதுதான் துணி போட்டுவிட்டு அம்மா உள்ளே போயிருக்கிறாள் என்று தோன்றும். மதிய இடைவேளையில் சாப்பாட்டைத் திறக்கும் முன் படத்தைத் திறப்பேன்.

பிறகு மழை வந்தது. கூடத்துச் சுவர் ஊறி, பூசணம் பிடித்தது. மின்னலுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

"அக்கா, ஆள் புழங்காத வீடு இப்படித்தான் ஆகும். பெரியம்மா வேஷத்துல நான் எத்தனை நாள் நடிக்கறது? எனக்கும் பொண்டாட்டி இருக்கா, அவ துணியே நான் காயப்போட்டதில்ல!"

சரி என்று அந்த ஊர் வீட்டுப் புரோக்கர் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். காலி வீடுதான், நல்ல குடும்பமாக வந்தால் சொல்லுங்கள், ஆனால் நான் இன்னும் முடிவு பண்ணவில்லை என்றேன். அதுவரை விளக்கையும் துணியையும் நிறுத்திவிடாதே என்று மின்னலிடம் கெஞ்சினேன்.

"மதில் மேல் பூனைகூட ஒருநாள் இறங்கிடும்" என்றார் வீட்டுக்காரர்.

புரோக்கர் ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவரைப் பிடித்தார். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். முதலில் வெளியே இருந்து பார்த்துவிட்டு வாருங்கள், பிடித்திருந்தால் சாவி வாங்கித் திறந்து காட்டுகிறேன் என்று விலாசத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர்கள் போனது இருட்டும் நேரம்.

மறுநாள் நான் வேலையில் இருக்கும்போது புரோக்கர் கூப்பிட்டார்.

"என்னம்மா, காலி வீடுன்னு சொன்னீங்க?"

"காலிதானே?"

"எது காலி? லைட் எரியுது, ரேடியோ பாடுது, கொடியில துணி சொட்டுது, வாசல்ல செருப்பு கிடக்குது. பெல் அடிச்சுப் பாத்தாங்களாம், யாரும் வரலையாம். உள்ள வயசான அம்மா ஒருத்தங்க தனியா இருக்காங்க, பாவம் காது கேக்கல, அவங்கள வெளிய அனுப்பிட்டு எங்களுக்கு அந்த வீடு வேண்டாம்னு டிரைவர் சம்சாரம் கண்ணைக் கசக்கிட்டு நிக்கறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களே பேசுங்க. இல்லன்னா அவங்க வேற வீடு பாத்துடுவாங்க."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. திருடனுக்கு வைத்த பொறியில் குடித்தனக்காரர்கள் மாட்டினார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். புரோக்கர் அந்தப் பெண்ணின் நம்பரைச் சொல்லிவிட்டு வைத்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால், நான் பேசவே வேண்டாம். சும்மா இருந்தால் போதும். அவர்கள் போய்விடுவார்கள், நான் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அந்த வீட்டுக்குள் என் அம்மா இருக்கிறாள் என்று உலகத்தில் ஒரு குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும். அந்த ஆசை எனக்கு வந்தது என்பதை மறைப்பானேன்? கொஞ்ச நேரம் நன்றாகவே வந்தது. இன்னொரு பக்கம், பெற்றவளை வீட்டைவிட்டுத் துரத்துகிற மகள் என்று முன்பின் தெரியாத ஒருத்தி என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

அழுக்குத் துணி வண்டிகள் நிற்கும் பின்பக்கத்துக்குப் போய் டிரைவர் மனைவியைப் போனில் கூப்பிட்டேன்.

"உள்ள யாரும் இல்லைங்க" என்றேன்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. நான் கண்ணால பாத்தேன். துணியை உதறி, ஓரத்தை இழுத்துவிட்டு எவ்வளவு நேர்த்தியாப் போட்டிருந்தாங்க! அது வேற யாரும் போட்ட துணி இல்ல, ஒரு வயசான பொம்பளை போட்டது."

வெட்கக்கேடு, எனக்குப் பெருமையாக இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க. எங்களுக்கு வேற வீடு கிடைக்கும். இந்த வயசுல அவங்க எங்க போவாங்க? பெத்தவங்களுக்கு இப்படிப் பண்ணாதீங்க" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "எங்கம்மா செத்துப்போயிட்டாங்க!" என்று கத்திவிட்டேன். வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கத்திய பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. இத்தனை நாளில் அதை நான் இப்படி யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது தலையை ஆட்டியதோடு சரி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, ரேடியோ, துணி, செருப்பு, மின்னல் எல்லாம்.

"திருடனுக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டாள்.

"திருடனுக்காகத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் எனக்காக."



"நான் கிளம்பறதுக்கு முன்னாடி ஜன்னல்கிட்ட போய், பயப்படாதீங்கம்மா, நாங்க வரமாட்டோம், நீங்க நிம்மதியா இருங்கன்னு சத்தமாச் சொல்லிட்டு வந்தேங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அழுது முடித்தபோது, உடம்பிலிருந்து ஈரத்துணி மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது.

"அப்ப நாங்க வரலாமா?"

"வாங்க."

"அம்மாவோட ரூமை வேணும்னா பூட்டியே வெச்சுக்கறோம். எங்களுக்கு மத்த இடம் போதும்."

"பூட்ட வேண்டாம். அந்த ரூம்லதான் காத்து நல்லா வரும். பொண்ணுங்களை அங்க படுக்க வைங்க" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

"ஆணி அடிக்கலாங்களா?"

"தாராளமா அடிங்க."

அம்மாவின் துணிகளை மின்னல் பெட்டியில் கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். புரோக்கர் சாவி வாங்கிக் கொடுத்து அவர்களைக் குடிவைத்தார். நான் நன்றாகத் தூங்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் கேலி பண்ணவில்லை, அதுதான் ஆச்சரியம்.

போன வாரம் மின்னல் போனில் குதித்தான்.

"அக்கா, பின்பக்கம் என் ஏணி கிடந்ததேன்னு எடுக்கப் போனேன். அந்தம்மா ஜன்னல் வழியாப் பாத்து, யாரு நீங்க, என்ன வேணும்னு கேக்கறாங்க! இந்த வீட்டுப் பையன்னு சொன்னேன். எங்களுக்கு ரெண்டும் பொண்ணுதான், பையனே கிடையாதுன்னுட்டாங்க. கதவையே திறக்கல. எங்க வீட்டுக்காரர் வந்தப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. நான் தவழ்ந்த வீடுக்கா அது! நீ கொஞ்சம் சொல்லி வை."

"சொல்ல மாட்டேன். அவங்க சொன்னது சரிதான். அவர் வந்தப்புறம் போய் வாங்கிக்க" என்றேன்.

அவன் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான். நான் இயந்திரத்துப் பக்கத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். அந்த வாசலில் யார் வந்து நின்றாலும் யாரென்று கேட்க உள்ளே ஆள் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் என்னையும் கேட்பார்கள். கேட்கட்டும், சொல்லிவிட்டுப் போகிறேன்.