டீச்சர் கொடுத்த சட்டை

மூன்றாவது நாளும் அவள் வரவில்லை. நான் இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டால்வா டீச்சர் மணல்திட்டில் தொலைநோக்கிக்குள் ஒரு கண்ணை விட்டபடி குனிந்தே இருக்கிறார். இடது கையில் அந்தச் சின்ன எண்ணும் கருவி. கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் ஒரு பறவை. டிக், டிக், டிக். இருபது வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, அது நின்றால்தான் எனக்குத் திக்கென்று இருக்கும்.

"என்ன டீச்சர், உங்க மக வந்துட்டாளா?"

"இல்ல வால்டெசீர். வயசாயிடுச்சுல்ல அவளுக்கு, மெதுவாத்தான் வருவா."

மகள் என்றது கல்திருப்பி உள்ளான் என்ற ஒரு சின்னக் கரைப்பறவையை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் இந்தக் கையில்தான் அதைப் பிடித்திருந்தேன், டீச்சர் அதன் காலில் எண் பொறித்த வளையத்தையும் எழுத்துப் போட்ட நீலப் பட்டையையும் மாட்டினார். ஏப்ரலில் உலகத்தின் உச்சியில் இருக்கும் பனிநாட்டுக்குப் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பரில் பிரேசிலில் எங்கள் மாரன்யாவ் கரைக்கே வந்துவிடும். ஒரு வருஷம் தவறியதில்லை. டீச்சருக்குக் குடும்பம் கிடையாது. சாவோ லூயிஸ் நகரத்தில் கல்லூரி வேலை, எங்கள் தீவில் பறவை, அவ்வளவுதான். அதனால் தீவு முழுக்க அதை டீச்சரோட மகள் என்றே கேலி பேசுவோம். போன ஏப்ரலில் அதன் காலில் பயறு அளவுக்கு ஒரு கருவியையும் கட்டி அனுப்பினார். அது போய் வந்த பாதை முழுவதும் அதற்குள் பதிந்திருக்கும், ஆனால் பறவையைப் பிடித்துக் கழற்றினால்தான் படிக்க முடியும். டிசம்பரில் டீச்சருக்கு ஓய்வு. "அதக் கழட்டிட்டு அவள ஒருதடவ பறக்க விட்டுட்டேன்னா போதும்டா, நிம்மதியா வீட்டுல உக்காந்துருவேன்" என்று படகில் ஏறும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது சட்டை விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் எப்போதும் உள்ளான் தின்கிறவர்கள்தான். மீன் இல்லாத நாளில் வலையில் நாலு விழுந்தால் வறுத்து மரவள்ளிப் பொரிமாவோடு தின்போம், காலில் இருக்கும் வளையத்தைத் தூர எறிவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் டீச்சர் தேவாலய வாசலில் எங்களை உட்கார வைத்து, வளையத்தை எறியாதீங்க, கொண்டுவந்து கொடுக்கிறவங்களுக்கு ஒரு சட்டை தர்றேன் என்றார். மார்பில் பறவைப் படம் போட்ட நல்ல பருத்திச் சட்டை. கூடவே, தேவையில்லாமல் ஒரு உயிரையும் கொல்லாதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். கடைக் கதவில் அறிவிப்பும் ஒட்டினார்.

முதல் வருஷம் மூன்று வளையம் வந்தது. அடுத்த வருஷம் பதினொன்று. அதற்கடுத்து இருபத்தாறு. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நம்ம ஜனங்க பறவைங்க மேல பாசம் வைக்க ஆரம்பிச்சுட்டாங்க!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு அப்போதே தெரியும். பாவி நான், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த மூன்றாம் நாள் மதியம் வீட்டில் என் மனைவி நில்சேட் டீச்சருக்கு மீன் பரிமாறிக்கொண்டிருந்தாள். நண்டு பிடிக்கும் ஒசிமார் மூச்சிரைக்க வந்தான். கையில் ஒரு மார்கரின் டப்பா.

"டீச்சர், இனிமே வெயில்ல காயாதீங்க. உங்க மகள நானே கொண்டாந்துட்டேன்!"

டப்பாவில் பஞ்சு. பஞ்சின்மேல் நீலப் பட்டை, வளையம், பயறு அளவுக் கருவி. ஒரு கீறல்கூட இல்லாமல் பத்திரமாக வைத்திருந்தான்.

டீச்சர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை. "பறவை எங்கப்பா?"

"கறி ரொம்பக் கொஞ்சம் டீச்சர். என் வீட்டுக்காரி மாசமா இருக்கால்ல, அவளுக்குக் குடுத்தேன்." பிறகு பெருமையாகச் சொன்னான்: "வடக்கு முனையில பௌர்ணமி ஓதத்துல வலை போட்டோம். எரநூறு பறவ விழுந்திருக்கும். வளையம் இல்லாதத எல்லாம் ஒண்ணுவிடாம பறக்க விட்டுட்டோம், ஒரு றெக்க ஒடியல. நீங்க சொன்ன மாதிரியேதான். எப்பவும் அப்படித்தான் செய்யிறோம்."

"எப்பவுமா?"

"ஆமா டீச்சர். வளையம் இருக்கறது மட்டுந்தான் கழுத்த திருகுவோம்."

டீச்சர் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களே" என்றேன். வேறு என்ன சொல்வது? அடுப்படியிலிருந்து நில்சேட் கத்தினாள்: "அதுக்கு? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" அவள் கத்தியது நல்லதாகப் போயிற்று, நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

ஒசிமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். டீச்சர் எழுந்து பையைத் திறந்தார். "வீட்டுக்காரிக்குத்தானே? எந்த அளவு வேணும்?"

"பெருசாக் குடுங்க டீச்சர், வயிறு இருக்குல்ல."

பெரிய சட்டையாகவே பார்த்துக் கொடுத்தார். அப்புறம் கடைக்கு நடந்துபோய், கதவிலிருந்த அறிவிப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்தார். மாலையில் தேவாலய வாசலில் எல்லோரிடமும் பேசினார். தப்பு என்னுது, உங்களுது இல்ல என்று மூன்று தடவை சொன்னார். அந்தப் பாதையைப் படிக்கவேயில்லை. டப்பாவை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான்தான் படகை எடுத்தேன். டீச்சர் புறப்பட்டால் தீவே துறைக்கு வந்து வழியனுப்பும், இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்திக்கொண்டு. அன்றும் வந்தார்கள். தப்பு என்று கேட்ட பிறகும், நல்ல துணி என்றால் அவர்களிடம் அதுதானே இருக்கிறது. கரை நெடுக அதே சட்டை. முன்னால் ஒசிமாரின் மனைவி, வயிற்றின்மேல் இழுபட்டு அகன்ற பறவையோடு, இரண்டு கையையும் ஆட்டினாள்.

டீச்சர் வலது கையைத் தூக்கி ஆட்டினார். இடது கை எண்ணும் கருவியோடு மடியில் இருந்தது, கண் கரையில் சட்டை சட்டையாக நகர்ந்தது. நான் இஞ்சினை முடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

டிக். டிக். டிக்.