துடைத்த கிளை

2024 ஏப்ரல் 27. நேற்றைய குறிப்பில் பிழை. புங்க இலைமேல் வெள்ளையாக இருந்தது லாரிப் புழுதி இல்லை, மெழுகு. துடைத்திருக்கக் கூடாது.

முத்துச்செல்வி இதை எழுதிய நாள் முதல் அவள் தொட்ட பூ வாடவில்லை. சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் பார்த்தது இது. பகலில் ஜெராக்ஸ் கடை வேலை, மாலையில் மதுரையில் தாவரவியல் வகுப்பு. வெயில் ஏற ஏற இலையின் மெழுகுப்பூச்சு தடிக்கிறதா என்று அவள் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் சுத்தமாக இருக்கட்டுமே என்று, பொங்கலுக்கு வீடு துடைக்கிற மாதிரி, ஸ்டூல் போட்டு ஸ்டாப்பிலிருந்த புங்க மரத்தின் ஒரு கிளை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மெழுகு போன இலையில் ஈரம் தங்கவில்லை. ஐந்தே நாளில் கிளை மொட்டையானது. அதன் நிழலில் உட்கார்ந்து பூ விற்ற ரெங்கம்மாளின் மல்லிகை பதினோரு மணிக்கே துவண்டது.

ரெங்கம்மாளிடம் முத்துச்செல்வி மன்னிப்புக் கேட்கப் போனபோது டீக்கடை ராம்கி சொன்னான்: “எங் கடைக்கு வந்திருந்தா டம்ளரையாச்சும் தொடச்சிருக்கலாம்ல தாயி.”

இலையை விட்ட மெழுகு அவள் உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தது. கை வியர்க்கவில்லை, பிசைந்த சோறு ஒட்டவில்லை. பரிதாபப்பட்டு ரெங்கம்மாளின் கூடைக்குள் கையை வைத்தாள். அந்தப் பூ மூன்றாம் நாளும் அப்போதுதான் பறித்தது போல இருந்தது. அலங்காநல்லூரிலிருந்துகூடக் கூடைகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். ராம்கி பால் கேனைக் கொண்டுவந்தான். அது மட்டும் திரிந்தது.

மொட்டைக் கிளையில் காலையில் விட்ட தளிர்கள் மதியத்துக்குள் கருகின. ஒருநாள் அவள் தடவிப் பார்த்த தளிர் மட்டும் பிழைத்தது. அதன் பிறகு அவள் தொட்ட கூடைப் பூ இரண்டாம் நாளே வாடியது. இருப்பதோ ஒரு கை மெழுகு. பூவுக்கா, கிளைக்கா என்று மூன்று பக்கம் எழுதி அடித்தாள். கடைசியில் ரெங்கம்மாளிடமே கேட்டாள்.

“பரீட்சை முடிஞ்சு நீ வேலைக்குப் போயிட்டா ஒங் கையை நான் எங்கிட்டுத்தா தேட? கெளைக்கே குடுத்துரு. நெழலு எங்கயும் போகாது.”

தினமும் வகுப்புக்குப் போகுமுன் ஸ்டூலில் ஏறித் தளிர் தளிராகத் தடவினாள். வரிசை கலைந்தது. இரண்டு கோடை போயின. இலைகள் முன்னைவிடத் தடித்த வெள்ளையோடு நின்றன. ரெங்கம்மாளின் பூ மற்றப் பூவைப் போலச் சாயங்காலம் வாடியது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் யாரும் அந்த வாடாத பூவைப் பற்றிப் பேசுவதில்லை. முத்துச்செல்வி வந்தால் நிழலில் கொஞ்சம் தள்ளி இடம் கொடுப்பார்கள்.

2026 மே 3. கை வியர்த்து நேற்று எழுதிய அளவு அழிந்துவிட்டது. நாளை அந்தக் கிளையில் நாற்பது இலையை மறுபடி அளக்க வேண்டும். துணி எடுத்துப் போக வேண்டாம்.