முழு ஜூமில் பதினோரு படம்

நாலு நாளாகப் பல்செட்காரர் கேமராப் பையைத் தொடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் அதைத் தள்ளிவிட்டு, அந்த அறைக்குள் போவதையே குறைத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், சொந்த வீட்டில், ஒரு பைக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தார். பயம் என்று சொன்னால் அது அவருக்குக் காட்டும் சலுகை. வெட்கம், அவ்வளவுதான்.

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். முப்பது வருஷமாக ஒரு முழ தூரத்துக்கு அப்பால் எதையும் உற்றுப் பார்த்தவரில்லை. மெழுகு, மாவுக்கட்டு அச்சு, வரிசை வரிசையாக அடுத்தவர் பற்கள். பக்கத்துப் பல்லுக்கும் இதற்கும் நிறம் ஒரு இழை மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

இப்படிக் குனிந்தே கிடந்தால் கழுத்து எலும்பு தேய்ந்துவிடும், தூரமாகவும் எதையாவது பாருங்கள் என்று டாக்டர் ஒருவர் சொல்லப்போய், மனிதர் பறவைகளைப் படம் பிடிக்கக் கிளம்பினார். கேமரா வாங்கக் கூட வந்தது தங்கை புருஷன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மெக்கானிக். எல்லோரையும் சிரிக்கவைக்கிற ஆள். தங்கை தானாகவே தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. 'இவன் சரிப்பட்டு வரமாட்டான்' என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்செட்காரர் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார். மாப்பிள்ளை சரிப்பட்டு வந்துவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் மட்டும் பல்செட்காரருக்குள் அணையாமல் கிடந்தது. வெளியில் 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை'தான்.

கடையில் பல்செட்காரர் கண் போனது லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா மேல். மாப்பிள்ளை அதை வாங்கி ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

"மச்சான், உங்க கழுத்து இருக்கற இருப்புக்கு இதைத் தூக்கிட்டு நடந்தா, பறவை உங்களைப் பார்த்துப் பாவம்னு சொல்லும். எல்லாம் ஒண்ணுலயே இருக்கற மாதிரி ஒண்ணு பாருங்க."

கடைக்காரர் சூப்பர்ஜூம் கேமரா ஒன்றை எடுத்து வைத்தார். லென்ஸ் மாற்ற வேண்டாம், அறுபத்தைந்து மடங்கு ஜூம். "டிஜிட்டல் ஜூம்னு அதுக்கு மேல ஒரு நம்பர் போட்டிருப்பான், அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. அது படத்தைச் சும்மா ஊதிப் பெருசாக்குறது. அப்புறம், சாயங்காலம் வெளிச்சம் குறைஞ்சா புள்ளி புள்ளியா வரும், என்னைத் திட்டாதீங்க. கண்ணை வெச்சுப் பார்க்கற ஜன்னல் இருக்கற மாடலா எடுத்துக்குங்க, வெயில்ல திரையில ஒண்ணும் தெரியாது" என்றார். வியாபாரி என்றாலும் நேர்மையாகத்தான் சொன்னார்.

மாப்பிள்ளை கடை வாசலில் நின்று, நேராகப் போகிற தெருவை முழு ஜூமில் பார்த்தார். தெருக் கோடியில் மணிக்கூண்டு. பாதி வழியில் ஒரு பஸ்.

"ஐயோ மச்சான், பஸ் போய்க் கடிகாரத்துல மோதப்போகுது. வந்து பாருங்க."

பல்செட்காரர் பார்த்தார். பஸ்ஸின் நெற்றியில் கடிகாரத்தை ஒட்டி வைத்தது போலத்தான் இருந்தது. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே கால் மைல் இருந்தது. கடைக்காரர் சிரித்தார். "முழு ஜூம்ல அப்படித்தான் சார். முன்னால இருக்கறதும் பின்னால இருக்கறதும் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கும்."

அந்த விஷயத்தைப் பல்செட்காரர் அன்றே கற்றுக்கொண்டார். கற்றது மட்டுமா, ஊருக்கே பாடமும் எடுத்தார். ஏரிக்கரை நடைபாதையில் வரிசையாகப் போகிற விளக்குக் கம்பங்களை முழு ஜூமில் எடுத்து, படம் எடுப்பவர்களின் ஃபோன் குழுவில் போட்டார். 'நாற்பது அடிக்கு ஒன்று, ஆனால் பல் வரிசை மாதிரி நெருக்கமாக நிற்பதைப் பாருங்கள்' என்று கீழே எழுதினார். இருபத்து மூன்று பேர் கை தட்டினார்கள்.

இத்தனையும் தெரிந்த மனிதர்தான்.

ஒரு புதன்கிழமை. பல்செட் செய்கிற கூடத்தில் அச்சு காய வேண்டியிருந்ததால் பதினொரு மணிக்கே ஏரிக்குப் போய்விட்டார். பம்ப் அறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, சின்னத் துணிப்பையில் மணல் நிரப்பிக் கட்டைச்சுவரில் வைத்து, அதன் மேல் கேமராவை அழுத்தினார். முழு ஜூமில் மூச்சு விட்டாலே படம் ஆடும், அதற்கு அந்த மணல் பை. நடைபாதைக் கைப்பிடிக் கம்பியில் ஒரு நாரை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தப் போகும்போது நாரை எழுந்து போய்விட்டது. அது போன திசையில் கேமராவைத் திருப்பினார். நாரை இல்லை. மாப்பிள்ளை இருந்தார்.

வேலை நேரத்தில். ஏரிக்கரையில். பக்கத்தில் நீலக் குடையோடு ஒரு பெண்.

அப்போது பல்செட்காரருக்கு வந்தது கோபமில்லை. இதை அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வந்தது சந்தோஷம். பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த தப்பு கையும் களவுமாக மாட்டிக்கொண்ட சந்தோஷம். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். பதினோரு படம்.

வீட்டுக்கு வந்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் மாப்பிள்ளையின் நீட்டிய கை அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது. தெள்ளத் தெளிவாக இருந்தது. பெண் கொஞ்சம் குட்டை என்று நினைத்துக்கொண்டார். மற்றப் பத்தில் கை தோளில் இல்லை. நாலில் குடை நகர்ந்து போய்க்கொண்டிருந்தது, மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி ஒன்றில் அவர் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்.

'இதெல்லாம் சரியா வரலை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தப் பத்தையும் அழித்தார்.

மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்த மனைவி சொன்னாள்: "அவரைத் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்களேன். என்ன ஏதுன்னு தெரியாம..."

"கேமரா பொய் சொல்லாது."

"நான் கேமராவைச் சொல்லலைங்க" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை குடும்பம் சாப்பிட வந்தது. சாப்பாடு முடிந்ததும் "பறவைப் படம் பார்க்கலாமா" என்று பல்செட்காரர் கேமராவை டிவியோடு இணைத்தார். கொக்கு வந்தது, மீன்கொத்தி வந்தது, தங்கை "அழகா இருக்குண்ணா" என்றாள். நாலாவதாக அது வந்தது. "அடடா, இது எப்படி இதுல வந்துச்சு" என்றார் பல்செட்காரர். தெரியாமல் வந்ததாம். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து வரிசையை அடுக்கியவர் அவர். அசட்டுத்தனமாக ரிமோட்டில் வேறு எதையோ தேடுவது போல நடித்தார், படத்தை மாற்றவில்லை.

தங்கை திரையையே பார்த்தாள், புருஷனைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைதான் பேசினார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அங்க நின்னது நான்தான். கம்பெனியில என்னை நிறுத்தி இருபது நாள் ஆச்சு."

தங்கை இப்போதுதான் திரும்பினாள். "இருபது நாளா டப்பா கட்டிக் குடுத்தேனே. எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

"அங்கதான்."

இதோடு பல்செட்காரர் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "அப்போ தோள்ல கை இருக்கே, அது?" என்றார்.

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "நான் கம்பியைப் பிடிச்சிட்டு நின்னேன். அந்தம்மா எனக்குப் பின்னால ரெண்டு கம்பம் தள்ளி நின்னிருப்பாங்க. அன்னைக்குக் கடை வாசல்ல பஸ் கடிகாரத்துல மோதுச்சே மச்சான், ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் குட்டை இல்லை, தள்ளி நின்றவள். பல்லின் நிறத்தில் ஒரு இழை மாறினால் சொல்லிவிடுகிற கண்ணுக்கு அது தெரியாமலா போயிற்று? தெரிய வேண்டாம் என்று அவரே நினைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் தங்கை எழுந்து செருப்பை மாட்டினாள். மாப்பிள்ளை போகும்போது, எப்போதும் போல, பல்செட்காரர் மனைவியிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்த நாலு நாள். மனைவி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கூடத்தில் அவர் ஒரு பல்செட்டைப் பல் மாற்றி அடுக்கி, கழற்றி, மறுபடி அடுக்கினார். தங்கை ஃபோனை எடுக்கவில்லை. வேலை போனதைத் தன் வாயால், தனக்குத் தோதான நேரத்தில், பெண்டாட்டியிடம் சொல்ல ஒரு மனிதன் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தான். அதை டிவியில் போட்டுக் காட்டியாயிற்று. செய்யாத தப்பைச் சொல்லி, மறைத்துவைத்த கஷ்டத்தை வெளியே இழுத்தாயிற்று. அதுகூட அவர்களுக்குத் தெரிந்தது. அழித்த பத்துப் படம் தெரியாது. சோறு உள்ளே இறங்காதது அந்தப் பத்தால்தான்.

ஐந்தாம் நாள் மனைவி தானாகவே சொன்னாள். "அவர் இன்னும் ஏரிக்குத்தான் போறாராம். வீட்டுல உக்கார முடியலையாம். டப்பா மட்டும் அவர் கேக்காமலே உங்க தங்கச்சி கட்டிக் குடுக்கறாளாம்."

பல்செட்காரர் போர்வைகளை விலக்கிப் பையை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்திருக்கலாம். பம்ப் அறைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். கை பழக்கத்தில் மணல் பையை வைத்தது, கண் பழக்கத்தில் கேமரா ஜன்னலுக்குப் போனது. முழு ஜூம். மாப்பிள்ளை பெஞ்சில் இருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. விரலை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தார். டப்பாவின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, சாப்பிடாமல் மூடி வைத்தார்.

பல்செட்காரர் கேமராவை அணைத்தார். லென்ஸ் உள்ளே போய் அடங்கும்வரை காத்திருந்து, பையில் வைத்து, எழுந்து நடந்தார்.

போகப் போக வழி நீண்டுகொண்டே போனது. முப்பது விளக்குக் கம்பம். பாதியிலேயே மாப்பிள்ளை அவரைப் பார்த்துவிட்டார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவ்வளவு தூரம் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று பல்செட்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலையை நிமிர்த்த முடியவில்லை.

பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, வழியெல்லாம் அடுக்கி வைத்த பேச்சை எல்லாம் விட்டுவிட்டு, இதைச் சொன்னார்:

"மாப்பிள்ளை, அன்னைக்கு நான் எடுத்தது ஒரு படம் இல்ல. பதினொண்ணு. மத்த பத்துல அந்தம்மா தோள்ல உங்க கை இல்ல. நாலுல அவங்க அவங்க பாட்டுக்குப் போறாங்க. ஒண்ணுல நீங்க தனியா உக்காந்து டப்பாவைத் திறக்கறீங்க. எல்லாத்தையும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அழிச்சேன்."

மாப்பிள்ளை நடைபாதையை அந்தக் கோடிவரை பார்த்தார்.

"எங்க இருந்து எடுத்தீங்க?"

பல்செட்காரர் பம்ப் அறையைக் காட்டினார். இங்கிருந்து அது ஒரு தீப்பெட்டி அளவு இருந்தது.

"அவ்வளவு தூரமா." மாப்பிள்ளை டப்பாவை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டார். "இன்னைக்கு நடந்து வந்த மாதிரி அன்னைக்கும் வந்திருக்கலாமே மச்சான். சாப்பாடு ரெண்டு பேருக்கு இருந்துச்சு."

பல்செட்காரர் நின்றுகொண்டே இருந்தார். பெஞ்சில் இடம் இருந்தது. மாப்பிள்ளை உட்காரச் சொல்லவில்லை, உட்காரட்டுமா என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை.