ஒன்றியம் வாங்கித் தந்த ரிசப்டர்

அம்சவல்லிக்கு மார்பில் ஆபரேஷன் முடிந்ததும் கும்பகோணத்து டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். எடுத்த கட்டியில், ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ரிசப்டர் இருந்தால் மாத்திரை கேட்கும், நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்த மாத்திரை வீண். மெழுகில் பதித்த சதைத் துண்டைத் தஞ்சாவூர் லேபில் கொடுக்கச் சொன்னார்.

சும்மா கொடுத்தால் ஆயிற்றா? அவள் புருஷன் வைரக்கண்ணு ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். ரேஷன் கார்டு முதல் சுடுகாட்டுக் கொட்டகை வரை சிபாரிசு இல்லாமல் எதுவும் நடந்து அவன் பார்த்ததில்லை. கொடி கட்டிய வேனில் கட்சியின் ஒன்றியச் செயலாளரோடு ஒரு கூட்டமே போய் லேபில் இறங்கியது.

"நம்ம வீட்டு கேஸு. ரிசப்டர் இருக்குன்னு வரணும், பாத்துப் பண்ணுங்க" என்றார் ஒன்றியச் செயலாளர். லேப்காரர் வியர்த்துப்போய்த் தலையாட்டினார்.

இருக்கிறது என்றே வந்தது. மறுநாள் அவர்கள் ஊரான குத்தாலத்தில் கடைத்தெருவெங்கும் சுவரொட்டி: 'ரிசப்டர் பெற்றுத் தந்த ஒன்றியச் செயலாளருக்கு நன்றி!' பாவி மனுஷன் வைரக்கண்ணு வெடிகூட வெடித்தான். அம்சவல்லியோ ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது உடம்பு சொன்னதா, ஒன்றியம் சொன்னதா? மாத்திரையைப் பிரிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

தங்களுக்காகப் பொய் சொல்லாத ஆள் யார்? யோசித்ததில் மிராசுதார் கல்யாணத்தின் குடும்பம்தான் அகப்பட்டது. அவரோடு குத்தகை வழக்கு வருஷக்கணக்காக இழுக்கிறது. அறுவடையின்போது மண்டைகள் உடைந்திருக்கின்றன. அவர் மகள் விஜயம் திருச்சியில் இதே சோதனை செய்கிற டாக்டர். லேபிலிருந்து மெழுகுத் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புருஷனிடம் மூச்சு விடாமல் பஸ் ஏறினாள்.

விஜயம் முகத்தைச் சுளித்தாள். "எங்கப்பாவைக் கோர்ட்டு கோர்ட்டா அலைய விட்டுட்டு எங்கிட்டயே வந்து நிக்கிறீங்களே!"

"அதனாலதாம்மா வந்தேன்" என்று நடந்ததைச் சொன்னாள் அம்சவல்லி. விஜயம் துண்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் போனபோது விஜயம் அவளை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்கச் சொன்னாள். "பழுப்பாத் தெரியுது பாருங்க, அதெல்லாம் ரிசப்டர்தான். நிறையவே இருக்கு. மாத்திரையைப் போடுங்க."

அம்சவல்லி நகரவில்லை. "எங்க மேல பரிதாபப்பட்டுச் சொல்லலையே?"

"பரிதாபமா? ஒரு குழி நிலம்கூட விட்டுத்தர மாட்டோம், தெரிஞ்சுக்குங்க!"

அப்பாடா என்றிருந்தது அம்சவல்லிக்கு. விஜயத்திடமே தண்ணீர் வாங்கி, அங்கேயே முதல் மாத்திரையை விழுங்கினாள்.